அனுமதியைக் கொடுப்பதும் முடிப்பதும்: கொழும்புச் சிற்றலுவலகங்களில் தொலைதூரக் கணினி அணுகல்

கேள்வி

தன் மேசையில் இருக்கும் கணினிக்குள் வேறோர் ஊரிலிருந்து நுழைய வேண்டும். தனக்கு வேண்டாதவர் எவரும் நுழையக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிப்பது எப்படி என்ற கேள்விக்கு வலையமைப்புகளின் வயதே ஆகிறது. டெல்நெட் என்ற முதல் விடை 1969இல் வந்தது. பிறகு வந்த ஒவ்வொரு விடையும் முந்தியதன் பலவீனத்தைத் திருத்தியது. கூடவே தன் பங்குக்கு ஒரு புதிய பலவீனத்தையும் கொண்டுவந்தது.

கொழும்பில் இந்தக் கேள்வி தொழில்நுட்பவியலாளரின் கையிலிருந்து கணக்காளரின் கைக்கு மாறிய நாளாக 2020 மார்ச் 20ஐக் கொள்ளலாம். அன்று மாலை நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. இலங்கையின் வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. வெள்ளவத்தை காலி வீதியின் மாடி அலுவலகங்களில் கணக்கு முடிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருந்தார்கள், கணக்குகள் மட்டும் அலுவலகக் கணினியில் இருந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் வந்தபோது சிக்கல் இன்னும் நெருக்கமாகத் தெரிந்தது. பக்கத்துப் பிரிவில் இருப்பவரே தன் கடைக்குப் போக முடியாத நிலை. 2022 ஜூனில் பெற்றோல் இல்லாமல் அரச ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது அடுத்த அத்தியாயம்.

எல்லாவற்றையும் இணையத்துக்கே மாற்றிவிடலாமே என்பது எளிதில் எழும் மறுகேள்வி. பல சிற்றலுவலகங்களில் டாலி, குவிக்புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருள்களின் உரிமமும் பல ஆண்டுத் தரவுக் கோப்பும் ஒரே கணினியில் இருக்கின்றன. அதைப் பெயர்ப்பதற்குப் பணமும் ஆளும் வேண்டும். ஆகவே கணினி இருக்கும் இடத்திலேயே இருக்க, மனிதர் தூரத்திலிருந்து வருகிறார்.

இதுவரை வந்த விடைகளை வரிசையாகப் பார்க்கையில் ஒன்று துலங்குகிறது. நுழையும் அனுமதியை எப்படிக் கொடுப்பது என்பதில் அவை காட்டிய அக்கறையில் பாதியைக்கூட, அந்த அனுமதியை எப்படி முடிப்பது என்பதில் காட்டவில்லை. நிர்வாகி என்று ஒருவர் இல்லாத வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை அலுவலகங்களுக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்பது இக்கட்டுரையின் வாசிப்பு.

முதல் விடை: போகும் வழியை மறைப்பது

டெல்நெட்டில் தட்டச்சு செய்த எல்லாமே, கடவுச்சொல் உட்பட, வெளிப்படையாகவே போயின. வழியில் ஒட்டுக்கேட்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அப்படியொரு கடவுச்சொல் திருட்டு நடந்த பின்னர், அங்கிருந்த டாட்டு யுலோனென் 1995இல், போவதையெல்லாம் மறையாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை எழுதினார். 1999இல் ஓபன்பி.எஸ்.டி. குழுவினர் அதன் திறந்த மூல வடிவமான ஓபன்எஸ்.எஸ்.எச்.சை வெளியிட்டனர். கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு சோடிச் சாவிக் கோப்புகளைப் பயன்படுத்தும் முறை இதோடு பரவியது.

இந்த விடையின் பலம் இன்றும் குறையவில்லை. ஆனால் அது பிழையற்றது அல்ல என்பதற்கு 2024 சாட்சி. அந்த மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற சுருக்கும் மென்பொருளுக்குள் திட்டமிட்டுச் செருகப்பட்டிருந்த பின்வாசலை அன்ட்ரெஸ் ஃப்ரொய்ண்ட் என்ற பொறியியலாளர் கண்டுபிடித்தார். அதன் குறி ஓபன்எஸ்.எஸ்.எச். நான்கு மாதத்துக்குள் ஓபன்எஸ்.எஸ்.எச்.சிலேயே ஒரு பெரிய குறைபாடு வெளியானது. சிற்றலுவலகத்துக்கு இதைவிட நேரடியான குறை ஒன்று உண்டு: எஸ்.எஸ்.எச். எழுத்துக் கட்டளைகளுக்கானது. கணக்காளருக்குத் தேவை திரை.

திரையைக் கொண்டுவந்தது கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடம் ஒன்று 1998இல் வெளியிட்ட வி.என்.சி. அதன் மூல வடிவில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகள்தான் கணக்கில் எடுக்கப்பட்டன; திரையின் படம் மறையாக்கம் இல்லாமலே போனது. வி.என்.சி.யை எஸ்.எஸ்.எச்.சுக்குள் வைத்து அனுப்புங்கள் என்ற அறிவுரை அதனால் எழுந்தது. சரியான அறிவுரைதான், ஆனால் அதைப் பின்பற்றத் தெரிந்தவர் குறைவு.

இரண்டாம் விடை: கதவைத் திறந்து நல்ல பூட்டுப் போடுவது

2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. புரபஷனலோடு ரிமோட் டெஸ்க்டொப் வந்தது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், ஒரு தெரிவைச் சொடுக்கினால் போதும். வெளியிலிருந்து வருவதற்கு ரவுட்டரில் 3389 என்ற போர்ட் இலக்கத்தைத் திறந்து அலுவலகக் கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். கணினி திருத்துபவர் அரை மணி நேரத்தில் செய்துகொடுக்கக்கூடிய வேலை.

இந்த விடையைத் தாங்கி நின்றது ஓர் எண்ணம்: உலகத்தில் இத்தனை கோடிக் கணினிகள் இருக்கக் கொட்டாஞ்சேனைக் கடையின் கணினியை யார் தேடி வரப்போகிறார்கள்? 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி அந்த எண்ணத்தை முறித்தது. ஒரு நல்ல இணைப்பிலிருந்து, பழைய முகவரி முறையில் இருக்கும் இணையம் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் அதனால் தட்டிப் பார்க்க முடிந்தது. தேடி வருவது இயந்திரம். அதற்குக் கடை சிறிதா பெரிதா என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 3389ஐ வேறோர் இலக்கத்துக்கு மாற்றினால் போதும் என்ற அறிவுரையும் இதனால் மதிப்பிழக்கிறது. அது சத்தத்தைக் குறைக்கலாம், தடுக்காது.

கதவு தெரிந்த பின் இரண்டு வழிகள். ஒன்று, கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருப்பது. மற்றது, மென்பொருளின் குறைபாட்டைப் பயன்படுத்துவது. 2019 மேயில் வெளியான புளூகீப் என்ற குறைபாட்டுக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட எக்ஸ்.பி.க்கும் சேர்த்து மைக்ரோசொஃப்ட் திருத்தம் வெளியிட்டதிலிருந்து அதன் தீவிரம் விளங்கும். கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்குதல்களில் 70 முதல் 80 சதவீதம் இந்த ரிமோட் டெஸ்க்டொப் வழியாகவே தொடங்கின என்று 2020 தொடக்கத்தில் அமெரிக்க எஃப்.பி.ஐ. தரப்பில் சொல்லப்பட்டது. அந்த எண் அமெரிக்காவில் அவர்கள் விசாரித்தவற்றைச் சார்ந்தது; கொழும்புக்கு அப்படியே பொருத்த முடியாது. திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கொழும்பில் இந்தக் கதவு பல இடங்களில் திறக்காமலே போனதற்குப் பாதுகாப்பு உணர்வு காரணம் அல்ல. 4ஜி ரவுட்டரில் இணையம் எடுக்கும் அலுவலகத்துக்குப் பொதுவாகத் தனி இணைய முகவரி கிடைப்பதில்லை. ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பு அலுவலகம் வரை வராது. விண்டோஸின் ஹோம் பதிப்பிலும் பிறர் உள்ளே வரும் வசதி கிடையாது. இந்த இரண்டு தடைகளும் பல அலுவலகங்களைத் தற்செயலாகக் காப்பாற்றியிருக்கக்கூடும். அதே தடைகள் அவர்களை அடுத்த விடையின் பக்கம் தள்ளின.

மூன்றாம் விடை: நடுவில் ஒரு நிறுவனம்

இரு கணினிகளும் வெளியே நோக்கி ஒரு நிறுவனத்தின் சேவையகத்தோடு இணைய, அது இரண்டையும் கோத்துவிடுகிறது. ரவுட்டரைத் தொட வேண்டியதில்லை. ஜேர்மனியில் 2005இல் தொடங்கிய டீம்வியூவரும் 2014இல் தொடங்கிய எனிடெஸ்க்கும் இந்த வகையில் பெயர் பெற்றவை. வெள்ளவத்தையில் இன்று ஒரு கணினி பழுதானால் தொலைபேசியில் முதலில் கேட்கும் வசனம், “அண்ணை, எனிடெஸ்க் நம்பரைச் சொல்லுங்கோ” என்பதுதான். லண்டனில் இருக்கும் மகன் அம்மாவின் கணினியைப் பார்த்துக்கொடுப்பதும் இதே வழியில்தான்.

நடுவில் இருப்பவரை நம்பிக் காரியம் பார்ப்பது இந்த இடங்களுக்குப் பழக்கமானது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்களுக்குக் கொமியூனிகேஷன் கடைகள்தான் வெளிநாட்டோடு இருந்த தொடர்பு. குடும்பத்தின் பணப் பேச்சும் பயணப் பேச்சும் கடைக்காரரின் காதில் விழவே நடந்தன. அன்று அந்த நம்பிக்கைக்கு முகம் இருந்தது. அழைப்பு முடிந்ததும் தொடர்பும் முடிந்தது.

எனிடெஸ்க் வகையின் பலவீனங்களை விமர்சகர்கள் மூன்றாகச் சொல்வதுண்டு. முதலாவது, நடுவில் இருக்கும் நிறுவனமே தாக்கப்படலாம். தன் உற்பத்தி அமைப்புகளுக்குள் ஊடுருவல் நடந்ததை எனிடெஸ்க் 2024 பெப்ரவரியில் அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் டீம்வியூவர் தன் உள் அலுவலக வலையமைப்பில் ஊடுருவல் என்றும், வாடிக்கையாளர் பக்கம் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. இரண்டாவது, வேறு தளங்களில் திருடப்பட்ட கடவுச்சொல்லை இங்கும் வைத்திருப்பது. 2016இல் டீம்வியூவர் பயனர்கள் பலர் தங்கள் கணினிகளுக்குள் பிறர் புகுந்ததாக முறையிட்டபோது நிறுவனம் சொன்ன காரணம் இதுதான். மூன்றாவது, தொலைபேசியில் பேசி அந்த இலக்கத்தையே வாங்கிவிடும் மோசடி. எனிடெஸ்க் வழியாக நடக்கும் பண மோசடி பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2019 பெப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது.

நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். எனக்கு இதுவே மற்ற மூன்றையும்விடக் கனமாகப் படுகிறது. எதிரில் ஆள் இல்லாதபோதும் உள்ளே வருவதற்கு இந்த மென்பொருள்களில் நிலையான கடவுச்சொல் ஒன்றை வைக்கலாம். ஒவ்வொரு முறையும் அழைத்துத் தொந்தரவு தரக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு கணினி பார்க்கிற தம்பி அதை வைத்துவிட்டுப் போகிறார். பிறகு அவர் வேறு வேலைக்கு மாறலாம், கனடா போகலாம், தன் கைபேசியைத் தொலைக்கலாம். கடவுச்சொல் அப்படியே இருக்கும். அவர் பத்து அலுவலகங்களுக்கு ஒரே சொல்லை வைத்திருந்தால் ஓரிடத்துக் கசிவு பத்திடத்துக் கசிவு. இங்கே குற்றவாளி யாரும் இல்லை. முடிவுத் திகதி இல்லாத ஓர் அனுமதி மட்டும் இருக்கிறது, அது இருப்பதே முதலாளிக்கு மறந்துபோயிருக்கும்.

நான்காம் விடை: சொந்தமாக ஒரு தனிப்பாதை

2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் தாக்கப்பட்ட 2019 ஏப்ரல் 21க்குப் பிறகும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியது. 2022 ஏப்ரல் 3இலும் அதுவே நடந்தது. கொழும்பில் பலர் வி.பி.என். செயலியை முதன்முதலில் கைபேசியில் இறக்கியது அந்த நாட்களில்தான். தடையைத் தாண்டி வெளியே போவதற்கான அந்த இலவசச் செயலிகள் அலுவலகக் கணினிக்குள் வருவதற்கு உதவாது. அதற்கு வேண்டியது அலுவலகமே முனையாக இருக்கும் பாதை.

இதன் வரலாற்றில் ஏமாற்றங்கள் அதிகம். விண்டோஸில் எளிதாகக் கிடைத்த பி.பி.டி.பி. வழிமுறை நம்பியிருந்த கடவுச்சொல் சரிபார்ப்பை 2012இல் மோக்ஸி மார்லின்ஸ்பைக் உடைத்துக் காட்டினார். 2001இல் வந்த ஓபன்வி.பி.என். உறுதியானது, அமைப்பதற்குக் கடினமானது. பெரிய நிறுவனங்கள் வாங்கிய ஃபோர்டினெட், பல்ஸ் செக்யூர் போன்ற பெட்டிகளிலேயே 2019இல் பாரிய ஓட்டைகள் தெரியவந்தன. திருத்தம் வந்த பிறகும் போடாமல் விட்டவர்கள் அடிபட்டார்கள்.

2021 மேயில் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எண்ணெய்க் குழாயை நிறுத்தவைத்த தாக்குதல் இங்கே தனிக் கவனம் பெற வேண்டியது. நுழைந்தவர்கள் எந்த நுட்பமான ஓட்டையையும் தேடவில்லை. பயன்பாட்டில் இல்லாத, ஆனால் மூடப்படாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு, ஒரு கடவுச்சொல், இரண்டாம் சரிபார்ப்பு கிடையாது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் வீழ்ச்சியும் கணினி பார்க்கிற தம்பி விட்டுப்போன கடவுச்சொல்லும் ஒரே இனம்.

நிலைமையை மாற்றியது வயர்கார்ட். ஜேசன் டொனென்ஃபெல்ட் எழுதிய இது 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவின் 5.6ஆம் பதிப்பில் சேர்ந்தது. சுமார் 4,000 வரிக்குள் அடங்கும் நிரல் என்பதால் ஒருவரே வாசித்துச் சோதிக்க முடியும். தெரியாத சாவியோடு வருபவருக்கு அது பதிலே சொல்வதில்லை, தட்டிப் பார்க்கும் இயந்திரத்துக்கு அங்கே ஒன்றும் இல்லாததுபோலத்தான். இதன்மேல் டொரன்டோவைச் சேர்ந்த டெயில்ஸ்கேல் போன்றவை கட்டிய சேவைகள் பகிர்ந்த முகவரிச் சிக்கலையும் தாண்டுகின்றன. 4ஜி ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியும் வீட்டு மடிக்கணினியும் ஒரே அறையில் இருப்பதுபோல ஒன்றையொன்று காணும். ரிமோட் டெஸ்க்டொப்பை இந்தப் பாதைக்குள் மட்டும் வைத்தால் 3389ஐ வெளியே திறக்க வேண்டியதில்லை.

குறைகள் உண்டு. சாவிகளை ஒருங்கிணைப்பது மறுபடியும் ஒரு வெளிநாட்டு நிறுவனம். உள்ளே வருவதற்கான அடையாளம் பெரும்பாலும் ஒரு கூகுள் அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கு. அது பறிபோனால் பாதையும் பறிபோகலாம். எனினும் முந்திய விடைகளில் இவ்வளவு எளிதாகக் கிடைக்காத ஒன்று இங்கே இருக்கிறது: எந்தெந்தக் கருவிகளுக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் ஒரே பக்கத்தில் தெரிகிறது, ஒவ்வொன்றையும் தனித்தனியே நீக்கலாம், காலாவதித் திகதியும் வைக்கலாம்.

ஐந்தாம் விடை: எவரையும் முன்கூட்டி நம்பாமை

2010இல் ஃபொரெஸ்டர் நிறுவனத்தின் ஜோன் கிண்டர்வாக் முன்வைத்த கொள்கை இது. வலையமைப்புக்குள் இருக்கிறார் என்பதற்காக எவரையும் நம்பாதே, ஒவ்வொரு கோரிக்கையையும் தனியே சோதி என்பது சாரம். தனக்குள் 2009இல் நடந்த ஊடுருவலுக்குப் பிறகு கூகுள் தன் ஊழியர்களுக்கு இதை நடைமுறைப்படுத்தி 2014இல் எழுதியது. 2020 ஓகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் வழிகாட்டியாக்கியது. ஆறு பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு முழுக் கொள்கையும் பொருந்தாது. அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது இரண்டாம் சரிபார்ப்பு. அதிலும் இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல்: குறுஞ்செய்தியில் வரும் இலக்கம் வெளிநாடு போன பங்காளியின் இலங்கைச் சிம்முக்கு நேரத்துக்கு வருவது நிச்சயமில்லை. கைபேசியிலேயே இலக்கத்தை உருவாக்கும் செயலி இந்தச் சார்பை நீக்குகிறது.

மின்சாரம் போனால்

மேலைநாட்டு வழிகாட்டிகள் அலுவலகக் கணினி எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை போனது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் நாடே இருண்டது. மின்சாரம் மீண்டதும் கணினி தானாக எழும்ப வேண்டுமானால் தாய்ப்பலகை அமைப்பில் அதற்கான தெரிவை மாற்ற வேண்டும், ரவுட்டருக்கும் யு.பி.எஸ். வேண்டும்.

பாதுகாப்பு அறிவுரைகள் ஒன்றோடொன்று மோதுவதும் இந்த இடத்தில்தான். கணினி திருடப்பட்டாலும் தரவு போகாமல் இருக்க வன்தட்டை மறையாக்கம் செய், தொடங்கும்போதே இரகசிய எண் கேட்கட்டும் என்பது நல்ல அறிவுரை. ஆனால் எண் தட்ட ஆளில்லாத அறையில் அந்தக் கணினி கறுப்புத் திரையிலேயே நிற்கும், தூரத்தில் இருப்பவருக்கு அது இல்லாததற்குச் சமம். எண் இல்லாமல் கணினிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சில்லை மட்டும் நம்பினால் எழும்பிவிடும், காவல் சற்றுக் குறையும். மின்வெட்டு வழக்கமான ஊரில் இரண்டாவதைத் தேர்வதற்கு நியாயம் இருக்கிறது.

சட்டத்தின் பார்வை

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், தனக்குச் சட்டபூர்வ அதிகாரம் இல்லை என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. ஐந்து ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். விலகிப்போன தொழில்நுட்பவியலாளரின் அதிகாரம் எந்த நாளில் முடிந்தது என்பதை யாரும் எழுதிவைக்காத அலுவலகத்தில், அவருக்கு அது தெரிந்திருந்தது, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தது என்று நிறுவுவது எளிதாக இராது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு திசையிலிருந்து வருகிறது. தமக்காகத் தரவைக் கையாளும் வெளியாளோடு ஒப்பந்தம் செய்துகொள்ள அது கோருகிறது. கணினி பார்ப்பவரும் வாடிக்கையாளர்களின் சம்பளப் பட்டியலைத் திரையில் காண்பவரே. இலண்டன் நிறுவனங்களுக்குக் கணக்கெழுதும் கொழும்பு அலுவலகங்களுக்கு இன்னொரு அடுக்கு உண்டு. கோப்பு நகரவில்லை, திரையை மட்டுமே பார்க்கிறோம் என்ற வாதம் அங்கே எடுபடாது. வேற்று நாட்டிலுள்ள தனி நிறுவனம் தூரத்திலிருந்து பார்ப்பதையும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சபை தரவுப் பரிமாற்றமாகவே கொள்கிறது. பிரித்தானிய ஒழுங்குபடுத்துநரின் வழிகாட்டலும் அதை ஒட்டியே போகிறது.

இன்றைய மதிப்பீடு

நிர்வாகி இல்லாத சிறு அலுவலகத்துக்கு, இன்று கிடைக்கும் விடைகளில் நான்காவதன் புதிய வடிவமே ஓரளவு தற்காக்கத்தக்கது என்று தோன்றுகிறது. வெளியே எந்தக் கதவும் திறக்காத வயர்கார்ட் வகைப் பாதை. அதற்குள் ரிமோட் டெஸ்க்டொப். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, இரண்டாம் சரிபார்ப்பு. எனிடெஸ்க் வகை எதிரில் ஆள் இருந்து அனுமதிக்கும்போது மட்டும். ஹோம் பதிப்பு வைத்திருப்பவருக்கு இதில் புரபஷனல் உரிமச் செலவும் சேரும். 2025 ஒக்டோபர் 14இல் வழமையான ஆதரவு முடிந்த விண்டோஸ் 10இல் எதையும் நீட்டிப்பதற்கு முன் அதை மாற்றும் கணக்கையும் போட வேண்டும். இவை எல்லாம் தவறிப்போகும் நாளுக்கு இணைப்பிலிருந்து கழற்றி வைத்த பிரதி ஒன்று அவசியம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கணினிச் சேவை ரான்சம்வெயாரால் தாக்கப்பட்டபோது மே 17க்குப் பிந்திய மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கான பிரதி இருக்கவில்லை.

திறந்தே இருப்பவை சில. இந்தச் சேவைகளின் கட்டணம் டொலரில் இருக்கிறது. 2022இன் சில வாரங்களில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதைப் பார்த்த முதலாளி மாதக் கட்டணத்துக்குத் தயங்குவது நியாயம். இலவசத் திட்டங்கள் எவ்வளவு காலம் இலவசமாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. “அனுமதிக்கவா” என்று கேட்கும் பெட்டி பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழும்புகிறது. தமிழில் மட்டும் சரளமாக வாசிப்பவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதை எந்தப் பூட்டும் தீர்மானிக்காது. கணக்கு மென்பொருள்கள் முழுதாக இணையத்துக்குப் போய்விட்டால் மேசைக் கணினிக்குள் நுழையும் தேவையே குறையலாம். அனுமதிப் பட்டியல் அப்போதும் வேறோர் இடத்தில் இருக்கத்தான் போகிறது.

அந்தப் பட்டியலை யார் பார்ப்பது என்பதே விடை கிடைக்காமல் நிற்பது. கணக்காய்வாளர் ஆண்டுக்கொரு முறை ஸ்டொக்கையும் காசோலைகளையும் சரிபார்க்கிறார். யார் யார் கணினிக்குள் வரலாம் என்ற பட்டியலையும் அதே மேசையில் வைத்துக் கையொப்பம் வாங்குவது, தொழில்நுட்பம் தெரியாத அலுவலகத்துக்கும் எட்டக்கூடிய ஒரு வழியாகப் படுகிறது. அதற்கு முதலில் அந்தப் பட்டியல் கணினி பார்க்கிற தம்பியின் கைபேசியிலிருந்து முதலாளியின் கைக்கு வர வேண்டும்.